ஐந்து காலி இடங்களும் ஒரு கைக்கணினியும்: செங்காங் தமிழ் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில், முன்பின் தெரியாத ஒருவர் கையில் பெட்டி பிரிக்காத கைக்கணினி ஒன்றைக் கொடுத்தோம். நானும் அக்காவும் போயிருந்தோம். எங்கள் குலுக்கலில் வென்றவர் அவர். "பிள்ளை எத்தனையாவது படிக்கிறான்?" என்று அக்கா கேட்டார். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலங்க" என்றார் அவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இருக்க வேண்டும் என்று எங்கள் அறிவிப்பில் எங்கேயும் எழுதவில்லை.

அக்கா என்று நான் அழைக்கும் அந்த ஆசிரியை பல வருடம் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். வேலையை விட்ட பிறகு தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்திலேயே தொடக்கநிலை மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறார். நான் சிறு தொழில் செய்பவர்களுக்கு இணையப் பக்கமும் விளம்பரமும் செய்து கொடுப்பவன். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். எங்கள் குறிப்பேட்டில் உள்ள எண்களைப் போடச் சம்மதித்தார். இலவசம் கொடுத்து ஆள் சேர்க்க நினைக்கும் மற்றவர்களுக்கு இது உதவும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவருடைய தேவை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை ஆரம்பத்தில் நாங்களே சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. வீவக வீட்டில் துணைப்பாடம் சொல்லித் தரலாம், ஆனால் ஒரே நேரத்தில் 3 மாணவர்களுக்கு மேல் கூடாது. மொத்தம் 10 பேர் என்று ஆகிவிட்டால், கல்வி அமைச்சில் பள்ளியாகப் பதிவு செய்யும் விஷயம் வந்துவிடும். அக்காவுக்கு அந்த எண்ணம் இல்லை. வாரத்தில் மூன்று வேளை, வேளைக்கு 3 பேர், ஆக 9 இடங்கள். ஜனவரியில் 4 பேர் இருந்தார்கள். அவருக்குத் தேவை இன்னும் 5 பிள்ளைகள், அவ்வளவுதான். 5 பிள்ளைகளைத் தேடி ஊர் முழுக்கத் தண்டோரா போட்டோம்.

கைக்கணினிக் குலுக்கல்

யோசனை வந்தது இப்படித்தான். பெரிய பெரிய துணைப்பாட நிலையங்கள் எல்லாம் ஃபேஸ்புக்கில் ஏதாவது பரிசு தருகின்றன, நாமும் ஒன்று தரலாமே என்றார் அக்கா. சரி என்று நான்தான் படிவத்தை அமைத்துக் கொடுத்தேன். பக்கத்தை லைக் செய்ய வேண்டும், மூன்று நண்பர்களை டேக் செய்ய வேண்டும், அறிவிப்பைத் தங்கள் பக்கத்தில் பகிர வேண்டும், படிவத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் தர வேண்டும். கைக்கணினி 459 வெள்ளி. விளம்பரத்துக்கு 110 வெள்ளி.

11 நாளில் 438 பதிவுகள். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. அக்கா இன்னும் ஒரு மேசை வாங்கலாமா என்றுகூடக் கேட்டார்.

குலுக்கல் முடிந்த மறுநாள் மாலை, பட்டியலில் முதல் 120 பேருக்கு வாட்ஸ்அப்பில் வகுப்பு விவரத்தை அனுப்பினோம். 17 பேர் பதில் போட்டார்கள். அதில் பலர் "யார் ஜெயிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார்கள். தொடக்கப்பள்ளியில் பிள்ளை இருப்பதாகச் சொன்னவர்கள் 2 பேர், அதில் ஒருவர் வீடு ஜூரோங் வெஸ்ட். தீவின் அந்தக் கோடியிலிருந்து செங்காங்குக்கு வாரா வாரம் யாரும் பிள்ளையை அழைத்து வர மாட்டார்கள். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றவர், அப்புறம் பேசவில்லை. ஒரு அம்மா மட்டும் நீளமாக எழுதியிருந்தார்: "பரிசுக்காகத்தான் நம்பர் கொடுத்தேன். விளம்பரம் அனுப்பச் சொல்லி நான் சொல்லவில்லையே." அந்த ஒரு வரியைப் படித்ததும் மீதி 318 பேருக்கு அனுப்புவதை நிறுத்தினோம். சேர்ந்தவர்கள் ஒருவரும் இல்லை.

ஏன் 438 பேர் வந்தார்கள்

கைக்கணினி எல்லோருக்கும் வேண்டிய பொருள். அதுதான் சிக்கல். தமிழ் படிக்கிற பிள்ளையின் அப்பாவுக்கும் வேண்டும், கல்யாணம் ஆகாத இளைஞருக்கும் வேண்டும். அதோடு, ஒரு பொருள் மலிவாக இருப்பதற்கும் சும்மா கிடைப்பதற்கும் இடையே நம் மனம் பெரிய வித்தியாசம் பார்க்கிறது. கிறிஸ்டினா ஷாம்பேனியர், நினா மசார், டான் ஏரியலி மூவரும் 2007ல் 'மார்க்கெட்டிங் சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்ந்த ரகச் சாக்லேட் ஒன்று 15 சென்ட், சாதாரணச் சாக்லேட் ஒன்று 1 சென்ட் என்று வைத்தபோது, வாங்கியவர்களில் 73 விழுக்காட்டினர் உயர்ந்ததையே எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட் குறைத்தார்கள். உயர்ந்தது 14 சென்ட், சாதாரணம் இலவசம். இப்போது 69 விழுக்காட்டினர் இலவசத்தின் பக்கம் போய்விட்டார்கள். விலை இடைவெளி மாறவே இல்லை, அதே 14 சென்ட்தான். 'சும்மா' என்ற சொல் மட்டும்தான் புதிதாக வந்தது.

எங்கள் படிவத்தை நிரப்பியவர்களும் அப்படித்தான். அவர்களுக்குத் தமிழ் வகுப்பைப் பற்றி எந்த யோசனையும் இல்லை. சும்மா கிடைக்கும் பொருளைப் பார்த்தார்கள், ஒரு நிமிடம் செலவழித்தார்கள்.

இன்னொன்று, சிங்கப்பூரில் தமிழ்த் துணைப்பாடத்துக்கான வட்டமே சின்னது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்து வருடத்துக்கு முன்பு அது 3.3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்தாலும், அக்காவின் வீட்டுக்கு வந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இவ்வளவு சின்னக் குளத்தில் மீன் பிடிக்கக் கடலில் வலை வீசினால் எப்படி?

விதிகளில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். நண்பர்களை டேக் செய்யச் சொல்வதும், தனிப்பட்ட பக்கத்தில் பகிரச் சொல்வதும் ஃபேஸ்புக்கின் போட்டி விதிகளுக்கு மாறானவை. பக்கத்தை லைக் செய்தால்தான் பரிசு என்று பூட்டி வைக்கும் வழக்கத்தையும் அது 2014லேயே நிறுத்திவிட்டது. இன்றும் நம் கடைக்காரர்கள் பலர் இதையெல்லாம் செய்கிறார்கள், நாங்களும் பார்த்துச் செய்தோம். அது சாக்கு ஆகாது.

படிவத்தின் முதல் வரைவில் அடையாள அட்டை எண்ணுக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தேன். கடைத்தொகுதிக் குலுக்கல் சீட்டுகளில் காலங்காலமாக எழுதிப் பழகியதால் வந்தது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்படும் இடங்களையும் ஆளை ஐயமின்றி உறுதிசெய்ய வேண்டிய இடங்களையும் தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக் கூடாது. பரிசுக் குலுக்கலுக்கு அது தேவையில்லை. நல்லவேளை, வெளியிடுவதற்கு முன்பே அதை எடுத்துவிட்டேன்.

கைப்பேசி எண் விஷயத்தில்தான் உண்மையாகவே தப்பு செய்தோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 'அழைக்க வேண்டாம்' பதிவேடு (விளம்பரம் வேண்டாதவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் இடம்) தொடர்பான விதிகள் 2014 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ளன. சிங்கப்பூர் எண்ணுக்கு விளம்பரம் அனுப்புமுன் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு உரியவர் தெளிவாக, எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதே விதிதான். போட்டியில் கலந்துகொள்ள எண் கொடுத்ததை விளம்பரத்துக்குக் கொடுத்த ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம். அந்த அம்மா கேட்டது நியாயம். அக்கா அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அன்றிரவே பட்டியல் முழுவதையும் அழித்தோம்.

குலுக்கல் நடத்த நினைப்பவர்கள் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வணிக விளம்பரக் குலுக்கலுக்கான நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஒரு பக்கத் தாளும் ஒரு நிமிடக் குரலும்

மார்ச் முழுக்க அக்கா இதைப் பற்றிப் பேசவே இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் ஒவ்வொரு முறை 'மழை'யை 'மலை' என்று சொல்லும்போதும், அக்கா திருத்தாமல் தாளின் ஓரத்தில் சின்னக் கோடு போட்டார். முடித்ததும் கோடுகளை அவனிடமே எண்ணச் சொன்னார். ஏழு. "ஏழு மலை ஏறிட்டே, இப்ப மழையில நனையலாம் வா" என்றார். பையன் சிரித்துவிட்டான். அதன்பிறகு நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார்.

இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அங்கேயே பட்டது. "அக்கா, கடையில வாங்கின பொருளை ஏன் குடுக்கணும்? இதையே குடுப்போம்" என்றேன்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ் வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்டில் வருகிறது. ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பது அதில் ஒரு பகுதி, காணொளி பார்த்து உரையாடுவது இன்னொரு பகுதி. எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சித்தாள் எங்கும் கிடைக்கும். பிள்ளை சரியாக வாசிக்கிறதா என்பதை, வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பெற்றோரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. பயம் இருக்கிறது, கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

அக்கா ஒரு பக்கப் பத்தி ஒன்றை எழுதினார். வியாழக்கிழமை காலை மழை, பள்ளி வாசலில் வெள்ளம், வாழைத் தோட்டத்துக் கிளி என்று போகும் அது. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும், ன, ண இரண்டும் பிள்ளைக்குத் தெரியாமலே மாறி மாறி வரும்படி அமைத்திருந்தார். பெற்றோர் அந்தத் தாளை இறக்கிக்கொள்ளலாம், அதற்கு எதுவும் தர வேண்டியதில்லை. விருப்பப்பட்டால் பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் பதிவு செய்து, தங்கள் கைப்பேசியிலிருந்தே அனுப்பலாம். அக்கா கேட்டுவிட்டு இரண்டு நிமிடக் குரல்பதிவில் பதில் சொல்வார். பிள்ளையின் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். பதில் அனுப்பி 30 நாளில் பதிவை அழித்துவிடுவோம். வகுப்பு பற்றிய செய்திகள் வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டியில் குறியிட வேண்டும். குறியிடாவிட்டாலும் பதில் வரும். இவ்வளவையும் அறிவிப்பிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம்.

ஜூன் விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம் வெளியிட்டோம். செங்காங், பொங்கோல், ஹவ்காங் வட்டாரங்களில் மட்டும் விளம்பரம், 60 வெள்ளி.

முதலில் வந்த குரல்களில் ஒன்றை நானும் கேட்டேன். தொடக்கநிலை 6 பையன். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது. நடுவில் அம்மா மெதுவாக "இன்னும் சத்தமா" என்கிறார். அவன் 'வெள்ளம்' என்பதை அழகாகச் சொன்னான், 'மழை'யில் தடுக்கினான், 'வாழை'யை 'வாளை' ஆக்கினான். அக்காவின் பதில் இப்படி இருந்தது: "தம்பி, வெள்ளம்னு சொன்னே பாரு, ரொம்ப நல்லா வந்துச்சு. அப்ப உன் நாக்கு மேலே போய் ஒட்டுது. அதே நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடி, ஆனா ஒட்ட விடாதே. காத்து அது மேலே ஓடட்டும். இப்ப சொல்லு, மழை." மூன்று நாள் கழித்து அதே எண்ணிலிருந்து இன்னொரு பதிவு வந்தது. ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மழை. கூடவே அம்மாவின் குரல்: "டீச்சர், சரியா வந்துருச்சா?" அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

அந்தப் பையன் வகுப்பில் சேர்ந்தான். ஆனால் சேராமல் போயிருந்தாலும் அக்கா அந்தப் பதிலை அனுப்பியதற்கு வருத்தப்பட்டிருக்க மாட்டார். கைக்கணினியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவருக்கு இருந்த மனநிலையோடு இதை ஒப்பிட்டால், எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

நான்கு வாரத்தில் 96 பேர் தாளை இறக்கிக்கொண்டார்கள். 41 பேர் குரல் அனுப்பினார்கள். 14 பேர் வகுப்பைப் பற்றி அவர்களாகவே கேட்டார்கள். 5 இடமும் ஜூலை முதல் வாரத்தில் நிரம்பிவிட்டன, 4 பேர் காத்திருப்புப் பட்டியலில். ஒரு குரலைக் கேட்டுப் பதில் சொல்லச் சுமார் 12 நிமிடம், ஆக மொத்தம் 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இரண்டு முயற்சிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிப்ரவரியில் தேர்வு பற்றிப் பெற்றோருக்கு அவ்வளவு கவலை இருக்காது, ஜூனில் ஆகஸ்ட் கண்முன்னே தெரியும். பருவமும் எங்களுக்கு உதவியது. அதே நேரத்தில் கைக்கணினி கொடுத்திருந்தால் ஓரிருவர் சேர்ந்திருக்கலாம். ஆனால் 438 பேரில் யாருக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களிடம் அப்போதும் வழி இருந்திருக்காது. குரல் அனுப்பிய 41 பேரும் தமிழ் படிக்கும் பிள்ளையின் பெற்றோர். வேறு யாருக்கும் அந்தத் தாளால் பயன் இல்லை.

நம் உணவங்காடிக் கடைகள் பெருமையோடு மாட்டிவைக்கும் மிஷலின் உணவகக் கையேட்டின் அங்கீகாரத்துக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. சிங்கப்பூருக்கு அந்தக் கையேடு 2016ல் வந்தது. பிரான்சில் டயர் செய்த மிஷலின் சகோதரர்கள் அதை 1900ல் கார் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். எரிபொருள் எங்கே கிடைக்கும், டயரை எப்படி மாற்றுவது, எங்கே தங்கலாம் என்று அதில் இருந்தது. கார் இல்லாதவருக்கு அந்தப் புத்தகம் எதற்கு? கார் உள்ளவர் அதைப் பார்த்து வெளியூர் போனால் டயர் தேயும். 1920 வரை அதற்கு விலை வைக்கவில்லை.

அளவு வைக்காததால் வந்த தொல்லை

எல்லாம் சரியாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் நாங்கள் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரே நாளில் 11 குரல்கள் வந்தன. அக்கா இரவு பன்னிரண்டு மணிவரை காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பதில் தாமதமானதும் இரண்டு பெற்றோர் வருத்தத்தோடு எழுதினார்கள். அதன்பிறகுதான் நாளுக்கு 3 என்று மாற்றி, அன்றைய இடம் முடிந்ததும் அறிவிப்பில் அதைக் காட்டினோம்.

இலவசத்துக்கு எல்லை வைக்காமல் மாட்டிக்கொண்ட பெரிய நிறுவனங்களும் உண்டு. பிரிட்டனில் 1992ல் ஹூவர் நிறுவனம், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் அமெரிக்காவுக்கு இரண்டு விமானப் பயணச் சீட்டு இலவசம் என்று அறிவித்தது. பொருளைவிடச் சீட்டின் விலை அதிகம். மக்கள் சீட்டுக்காகவே பொருளை வாங்கினார்கள். அந்தச் சலுகையால் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 5 கோடி பவுண்டு செலவு. வாக்குக் கொடுத்தபின் பின்வாங்கவும் முடியவில்லை, வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. அக்காவிடம் இருந்தது 8 மணி நேரமும் ஒரு தொண்டையும்தான். அதற்குள் கொடுக்கக்கூடியதை மட்டும் அறிவித்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் வந்தது. ஒரு அப்பா வாரம் தவறாமல் புதுப் பதிவு அனுப்பினார். பிள்ளையும் நன்றாக முன்னேறினாள். வகுப்பில் சேர்க்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நான் நிறுத்திவிடலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்ட்வரை அந்தப் பெண்ணுக்கு மட்டும் தொடர்ந்து பதில் சொன்னார். அதைத் தொழில் கணக்கில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காத்திருப்புப் பட்டியலில் உள்ள நான்கு பேரில் ஒருவர் அந்த அப்பா சொல்லித்தான் வந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்கான இரண்டாவது தாளை அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார். வாழைப்பழத்தில் வழுக்கி விழும் கிழவனையே போட்டுவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது பிள்ளைகளுக்கு மனப்பாடம், மனப்பாடமாகச் சொல்லும்போது நாக்கு எங்கே தடுக்குகிறது என்று அவருக்குக் கேட்காதாம். அதனால் தேக்கா சந்தையில் தாழம்பூ தேடும் ஒரு பாட்டியைப் பற்றி எழுதுகிறார். தாளின் கீழே 'நாளுக்கு 3 பேர்' என்ற வரியை இந்த முறை முதலிலேயே போட்டாயிற்று.